நைந்த துணி என்று நினைத்த இடுப்பு

எங்கள் ஆயா, அதாவது பாட்டி, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் துணித் தொழிற்சாலைத் தையல் மிஷின் முன்னால் முப்பது வருடம் உட்கார்ந்தவர். அங்கே சாட்ஸ்வொர்த் பகுதியில்தான் வீடு. இடுப்பு வலிக்கு எக்ஸ்ரே எடுத்த இடத்தில், "தேய்மானம், பாரம் தூக்காதீர்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். முதலில் கொல்லைக் கறிவேப்பிலை மரத்தடிக்குப் போவது நின்றது. பிறகு வெள்ளிக்கிழமைக் கோயில். ஆறு மாதத்தில் பேச்சும் குறைந்து, சோறும் இறங்காமல் போனது.

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலி. அதோடு மனச்சோர்வும் வந்து ஒட்டிக்கொள்வது சகஜம். இரண்டையும் கோக்கும் நூல் பல நேரம் வலியைப் பற்றி நாம் நம்புவதுதான். அசைந்தால் இன்னும் கெடும் என்று நம்புகிறவர் அசைய மாட்டார். தசை தளரும். பிறகு சின்ன வேலைக்கும் வலிக்கும், "பார்த்தாயா, நான் நினைத்தது சரி" என்று தோன்றும். ஆள் வருவதும் போவதும் அற்றுப்போக, மனசு சுருங்கும்.

இத்தனைக்கும், வலியே இல்லாத 50 வயதுக்காரர்களை ஸ்கேன் செய்தால் 80 விழுக்காட்டினருக்கு முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டில் தேய்மானம் தெரிகிறது என்று 2015இல் வந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று சொல்கிறது. தலை நரைப்பது மாதிரிதான். இதையும் அன்றே ஆயாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.

"எல்லாம் மனசுலதான்" என்று தள்ளிவிடுவதும் அநியாயம். தென்னாப்பிரிக்காவில் பிறந்த கிளிஃபோர்ட் வுல்ஃப் என்ற நரம்பியல் ஆய்வாளர் 1983இல் எலிகளிடம் ஒன்றைக் காட்டினார்: காயத்துக்குப் பின் தண்டுவட நரம்புகளே உணர்ச்சி கூடி, சின்னத் தூண்டலுக்கும் பெரிதாகப் பதில் தருகின்றன. ரேடியோவில் சத்தத்தைக் கூட்டி வைத்ததுபோல. அதைக் குறைக்க மூளை கீழே செய்தி அனுப்புகிறது. செரட்டோனினும் நார்அட்ரினலினும் அந்த வேலைக்கு வேண்டும். மனநிலையோடு தொடர்புடைய ரசாயனங்களும் இவையே. மனச்சோர்வுக்கென வந்த அமிட்ரிப்டிலின் என்ற மருந்தைக் குறைந்த அளவில் நரம்பு வலிக்கும் கொடுப்பது இதனால்தான். பயந்து, வலியையே எதிர்பார்த்திருக்கும் மூளையில் அந்தத் தணிப்பு சரியாக நடப்பதில்லை. ஆக, வலியைப் பற்றி நாம் நம்புவது அதன் அளவையே மாற்றுகிறது.

"முன்ஜென்மக் கர்மம்" என்பார் ஆயா. அந்தச் சொல் சிலருக்குத் தாங்கும் தெம்பு. அவருக்கோ, இனி செய்ய ஒன்றுமில்லை என்ற முடிவாகிவிட்டது.

பிசியோதெரபி செய்ய வந்த பெண் முதலில் கேட்டது: "உள்ளே என்ன ஆகியிருக்கு என்று நினைக்கிறீங்க?" நான் தமிழில் கேட்டுச் சொன்னேன்.

"நைஞ்ச துணிம்மா. இழுத்தா கிழிஞ்சிடும்."

அதைச் சொன்னதும் அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, எலும்பு துணி இல்லை, பாரம் தாங்கத் தாங்கத்தான் உறுதிப்படும் என்று விளக்கி, கைபிடித்து வாசற்படி வரை நடத்தினாள். மறுவாரம் கேட் வரை.

வலி இன்னும் இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை ஆயா கொல்லையிலிருந்து உள்ளே வந்தார், கை நிறையக் கறிவேப்பிலை.