"தம்பியை வரவழை" என்றொரு பெயர்

சிங்கப்பூரில் குடும்ப ஆலோசகராக வேலை பார்க்கிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிக்கு மேல் சீனக் குடும்பங்கள். சில நான்கு தலைமுறையாக இங்கேயே வேர்விட்டவை, சில சீனாவிலிருந்து வேலைக்கு வந்தவை. கீழே வருவது இரண்டு மூன்று குடும்பங்களைக் குழைத்துச் செய்த கதை. விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஒன்பது வயதுச் சிறுமி. காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போதெல்லாம் வயிற்றுவலி. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை. கூட்டிவந்தவர் அம்மாவைப் பெற்ற பாட்டி, ஃபூஜியன் மாகாணத்துக் கிராமத்தில் பிறந்தவர். படிவத்தில் எழுத அவர் பெயரைக் கேட்டேன். "ஜாவ்தி" என்றார். 'ஜாவ்' என்றால் வரவழை, 'தி' என்றால் தம்பி. "வரவழைத்தீர்களா?" என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டேன். மூன்று விரலைக் காட்டிச் சிரித்தார்.

அந்தத் தலைமுறையில் இப்படிப் பெயர்கள் ஏராளம். லாய்தி, தம்பி வா. பான்தி, தம்பிக்கு ஏங்கு. பெண்ணுக்குப் 'போதும்பொண்ணு' என்று பெயர் வைத்த ஊர்க்காரர்களான நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. போதும்பொண்ணு சாமிக்குப் போட்ட மனு. ஜாவ்தி, அந்தக் குழந்தைக்கே இட்ட வேலை.

தம்பிகளை வரவழைத்த ஜாவ்திக்குப் பிறந்தது ஒரே மகள். ஷியாமென் நகரத்தில் அரசு ஆலை ஒன்றில் வேலைக்குப் போய்விட்டார். இரண்டாவது பெற்றிருந்தால் வேலை போயிருக்கும். 1980 செப்டம்பரில் சீனக் கம்யூனிஸ்ட் கட்சி தன் உறுப்பினர்களுக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தோடு இறுகிய ஒற்றைப் பிள்ளைக் கொள்கை, 2015 முடியும்வரை நீடித்தது. கிராமங்களில் எதிர்ப்பு கிளம்பவே, 1984இல் கொஞ்சம் தளர்த்தினார்கள். அதன்பின் பல மாகாணங்களின் கிராமங்களில், முதல் பிள்ளை பெண்ணானால் இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம் என்றானது. பெண் என்றால் அரைப் பிள்ளை என்று அரசாங்கமே கையெழுத்துப் போட்ட மாதிரி. ஆய்வாளர்கள் இதற்கு வைத்த பெயரே 'ஒன்றரைப் பிள்ளைக் கொள்கை'தான்.

அதே ஆண்டுகளில்தான் அல்ட்ராசவுண்ட் கருவி ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. இயற்கையாக 100 பெண் குழந்தைக்கு 105, 106 ஆண் குழந்தைகள் பிறக்கும். சீனாவில் 2004இல் அது 121ஐத் தொட்டது. மருத்துவக் காரணமில்லாமல் கருவின் பாலினத்தைப் பார்க்கக் கூடாது என்ற சட்டம் 1995இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். 2020 கணக்கெடுப்பில் விகிதம் 111க்கு இறங்கியிருக்கிறது. ஆனாலும் அதே கணக்கெடுப்பில் பெண்களைவிட ஆண்கள் சுமார் 3 கோடியே 49 லட்சம் பேர் அதிகமாக இருந்தார்கள்.

இதைப் பெண் வெறுப்பு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எனக்கு ஒப்பவில்லை. கிராமத்துச் சீனருக்கு மகன்தான் பென்ஷன். மகள் மணமாகி வேறு ஊர் போய்விடுவாள், மகனும் மருமகளும்தான் கடைசிவரை சோறு போடுவார்கள். கிராமத்து முதியோருக்கான அரசு ஓய்வூதியமே 2009இல்தான் சோதனையாகத் தொடங்கியது, தொகையும் சொற்பம். குலப்பெயர், முன்னோர் வழிபாடு எல்லாம் இதன் மேல் ஏறி உட்கார்ந்தவை.

நகரத்தில் கதை தலைகீழ். மகனே இல்லாத வீட்டில் மகனுக்குப் போகவேண்டியதெல்லாம் மகளுக்குப் போனது. டியூஷன், பியானோ, வெளிநாட்டுப் படிப்பு எல்லாம் அவளுக்கே. இன்று சீனப் பல்கலைக்கழகங்களில் இளநிலை மாணவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். நம் சிறுமியின் அம்மா அப்படி வளர்ந்தவர், எஞ்சினியர். "எங்கள் வீட்டில் பாகுபாடு கிடையாது" என்றார். பொய் சொல்லவில்லை. அவருக்கு அண்ணன் தம்பி கிடையாது. ஒரு கூரையின் கீழ் இரண்டு தட்டில் எப்படிப் பரிமாறுவார்கள் என்று அவர் பார்த்ததே இல்லை. 2016க்குப் பிறகு இரண்டாவது பிள்ளை பெற்ற பல தாய்மார்களிடம் இதைப் பார்க்கிறேன்.

நான்கு வயதுத் தம்பியைச் சிறுமிக்குப் பிடிக்கவே செய்தது. வாரத்தில் எந்த நாள் பிடிக்காது என்று கேட்டேன். திங்கள் என்பாள் என நினைத்தேன். "ஞாயிறு" என்றாள். ஞாயிறு காலையில் அப்பா வழித் தாத்தா சீனாவிலிருந்து வீடியோ அழைப்பில் வருவார். முதல் கேள்வி, "பேரன் எங்கே?" போனைப் பிடித்துக்கொண்டு தம்பி ஓடும் இடமெல்லாம் பின்னால் போவது இவள் வேலை. அரை மணி, முக்கால் மணி. அவள் முகம் திரையில் வருவதே இல்லை.

யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆனால் அந்த வீட்டில் ஒரு சொல் ஓயாமல் ஓடியது. 'ரங்', அதாவது விட்டுக்கொடு. பெரியது சிறியதுக்கு ரங் செய்ய வேண்டும் என்பது சீன வீடுகளில் வழிவழியாக வரும் பாடம். ஒரு வாரத்துக்கு இந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று தாளில் கோடு போடச் சொன்னேன். மூன்றாம் நாளே பாட்டி தாளை மடித்து வைத்துவிட்டார். அடுத்த முறை வந்தபோது கேட்காமலே பேசினார். இரண்டாம் தம்பி பிறந்ததும் பள்ளியை விட்டு நின்றதை, முட்டை தம்பிகளுக்கு மட்டும் என்றிருந்ததை. "கட்டிக்கொடுத்த மகள் கொட்டிய தண்ணீர்" என்பது அவர் ஊர்ப் பழமொழி.

இப்போது அவர் வளர்ப்பதும் தன் குலப்பெயரைத் தாங்காத பிள்ளைகளைத்தான். சீனத்தில் அம்மா வழிப் பாட்டிக்குப் பெயர் 'வாய்போ'. 'வாய்' என்றால் வெளி. மகள் வயிற்றுப் பேரன் 'வாய்ஸுன்', வெளிப்பேரன். பிள்ளை தன் தாயின் குலப்பெயரையும் வைத்துக்கொள்ளலாம் என்று 1980 திருமணச் சட்டமே சொன்னது, வைப்பவர்கள்தான் குறைவு. வெளியாளாக்கப்பட்டவரே வீட்டுக்குள் காவல் நிற்பார், இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பாட்டியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் சிகிச்சை அன்றோடு முடிந்தது.

பையன்கள் தப்பித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். "மகனை வறுமையில் வளர், மகளைச் செழிப்பில் வளர்" என்பது அங்கே வழங்கும் இன்னொரு வாக்கு. மகள் ஆசைக்கு மயங்கக் கூடாதாம், மகன் கஷ்டம் தாங்க வேண்டுமாம். மகன் பிறந்தால் 'கட்டுமான வங்கி', மகள் பிறந்தால் 'முதலீடு ஈர்க்கும் வங்கி' என்று இரண்டு சீன வங்கிகளின் பெயரை வைத்துக் கேலி செய்வார்கள். மகனுக்கு மணமுடிக்க வீடு வாங்க வேண்டும், பெண் வீட்டுக்குப் பரிசப் பணம் தர வேண்டும். "எனக்காகத்தான் அப்பா இரண்டு வேலை பார்க்கிறார்" என்று சொல்லிவிட்டு, ஒன்றரை மணி நேரம் வாய் திறக்காமல் உட்கார்ந்த பதினாறு வயதுப் பையனை நான் மறக்கவில்லை. அழுதால் ஆணில்லை என்று ஐந்து வயதில் சொல்லிவைத்தால் பதினாறில் இப்படித்தான் உட்காருவான்.

இந்த மாதிரி வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளியில் பார்க்கும் ஆசிரியர்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அடம்பிடிக்கும் குழந்தையைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலையில்லை. எதையுமே கேட்காத பெண் குழந்தையைப் பாருங்கள். "எனக்கு வேண்டாம், தம்பிக்குக் கொடுங்கள்" என்று சாக்லேட்டை நீட்டும் குழந்தையை நல்ல பிள்ளை என்று தட்டிக்கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். காரணம் தெரியாத வயிற்றுவலி, தலைவலி வந்தால் முதலில் மருத்துவரிடம்தான் போக வேண்டும். அங்கே ஒன்றுமில்லை என்றான பிறகு, வலி எந்த நாளில், யார் வந்தபின் வருகிறது என்று குறித்துவையுங்கள். அம்மா அப்பாவுக்கு நான் கேட்பது இன்னும் சின்ன விஷயம். வயதைக் காட்டி விட்டுக்கொடுக்கச் சொல்லாமல் காரணத்தைச் சொல்லுங்கள். சில நாள் சிறியதும் பெரியதுக்கு விட்டுக்கொடுக்கட்டும்.

அந்த வீட்டுக்கு நான் சொன்னது, போனை நிறுத்திவைக்க ஒரு ஸ்டாண்டு வாங்கச் சொல்லித்தான். ஆலோசனைக்கு இவ்வளவு கட்டணமா என்பதுபோல் அப்பா பார்த்தார். ஆனாலும் வாங்கினார். வயிற்றுவலி முழுதாக நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. தாத்தா இன்றும் முதலில் கேட்பது பேரனைத்தான். அவன் ஒரு நிமிடத்தில் ஓடிவிடுகிறான். ஸ்டாண்டு நகராது. திரையில் மிச்சம் இருப்பவள் இவள்தான். வேறு வழியில்லாமல், சாப்பிட்டாயா என்று கேட்கிறாராம்.