அழகான கையெழுத்தும் வாசிக்கத் தெரியாத பிள்ளையும்

ஒன்பதாம் வகுப்புப் பையன். நோட்டைப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. முத்து முத்தான கையெழுத்து, கரும்பலகையில் இருந்ததை ஒரு புள்ளி விடாமல் எழுதியிருந்தான். "இந்த வரியை வாசி தம்பி" என்றேன். எழுத்துக் கூட்டி மூன்று சொல் வந்தது. அப்புறம் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். ஐம்பது ரூபாய் கொடுத்துப் பதினெட்டு ரூபாய்ப் பேனா வாங்கினால் மீதி எவ்வளவு என்று கேட்டேன். "கடைக்காரர் தருவார்" என்றான்.

"விளையாட்டுப் புத்தி, வளர்ந்தா சரியாயிடும்னு இருந்தோம் மேடம்" என்றார் அம்மா.

லேசான அறிவுசார் குறைபாடு இப்படித்தான் கண்ணுக்குத் தப்புகிறது. நுண்ணறிவு ஈவு (IQ) ஏறக்குறைய 50 முதல் 69 வரை; அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் பெரும்பாலோர் இந்த வகைதான். பெரும்பாலும் முகத்தில் எதுவும் தெரியாது. நன்றாகவே பேசுவார்கள். எட்டாம் வகுப்பு வரை பெரும்பாலான பள்ளிகளில் யாரையும் ஃபெயிலாக்கி நிறுத்துவதில்லை என்பதால் பள்ளியிலும் வண்டி ஓடிவிடும்.

மார்க்கை விட வீட்டு வேலைகளைப் பாருங்கள். கடையில் இரண்டு பொருள் சொன்னால் ஒன்று மறக்கிறதா? மணி பார்க்கத் திணறுகிறதா? தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு மட்டுமே விளையாடுகிறதா? எனக்கு அதிகம் கவலை தருவது இன்னொன்று: யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவது. இந்தப் பையன் பையில் ஒருமுறை வேறொருவன் செல்போன் இருந்தது. பெரிய பையன்கள் "வச்சிரு"ன்னு சொன்னார்கள், வைத்துக்கொண்டான். அடி வாங்கியது இவன்.

கற்றல் குறைபாடு வேறு. அந்தப் பிள்ளை படிப்பில் தடுமாறினாலும் கடையிலும் விளையாட்டிலும் பெரும்பாலும் கெட்டியாக இருக்கும்.

முதலில் காது, கண், தைராய்டு பார்த்துவிடுங்கள். பிறகு நுண்ணறிவுச் சோதனையோடு அன்றாட வேலைகளைத் தானே செய்யும் திறனை அளக்கும் வைன்லாந்து சமூக முதிர்ச்சி அளவுகோலும் சேர்ந்தால்தான் முடிவு சொல்ல முடியும்; வெறும் எண் போதாது. ஐந்து வயதுக்குள் என்றால் பொதுவாக 'வளர்ச்சித் தாமதம்' என்றுதான் எழுதுவோம். அதற்காகப் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டாம். அறிவைக் கூட்டும் மாத்திரை இல்லை. ஞாபகசக்தி டானிக்குக்குக் கொட்டும் காசை மிச்சப்படுத்துங்கள். சான்றிதழ் வாங்கினால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு.

அந்தப் பையனுக்கு இரண்டு டியூஷனையும் நிறுத்தச் சொன்னேன். தினமும் மாலையில் பால் வாங்க அவனைத்தான் அனுப்புகிறார்கள். ஐம்பது ரூபாய்க்குள் மீதியை எண்ணி வாங்கிவிடுகிறான். நூறு ரூபாய் நோட்டு இன்னும் குழப்பம்தான். அடுத்த மாதம் அதை எடுக்கிறோம்.