மூஞ்சி குட்டையானால் மூச்சு எங்கே போகும்?

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் மதிய நேரத்தில் எனக்கு வரும் போன்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "டாக்டர், பக் ரொம்ப இரைக்குது, நாக்கு நீலமாயிடுச்சு." போன மே மாதம் அப்படி வந்த ஒன்றை என்னால் காப்பாற்ற முடியவில்லை. மூன்று வயது பக், மூஞ்சி தட்டையான நாய் இனம். மொட்டை மாடியில் கால் மணி நேரம் பந்து விளையாடியிருக்கிறது, அவ்வளவுதான். காய்ச்சல்மானி 108 டிகிரியைத் தாண்டி நின்றது. "நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று வளர்த்த அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார். அந்த மூஞ்சியின் வடிவத்தைப் பற்றி அவருக்கு யாரும் சொன்னதில்லை.

நாய்க்குப் பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி உடம்புச் சூட்டை வெளியேற்றுவது மூக்கும் வாயும்தான். நீண்ட மூஞ்சிக்குள் மெல்லிய எலும்புச் சுருள்கள் இருக்கின்றன, அவற்றின் மேல் ஈரமான சவ்வு. காற்று பட்டு ஈரம் ஆவியாகும்போது அங்கே ஓடும் ரத்தம் குளிர்கிறது. மூஞ்சி குட்டையானால் இதற்கு இடம் குறைந்துவிடும். பழங்கால மனிதர்கள் இதைப் படித்ததில்லை. ஆனால் அவர்களுடைய நாய்களின் உடம்பில் இந்தச் சூட்டுக் கணக்கு அப்படியே இருக்கிறது.

சைபீரியாவுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் ஷோகோவ் என்றொரு தீவு. சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் அங்கே வாழ்ந்தவர்கள் பனியில் வண்டி இழுக்க நாய் வளர்த்தார்கள். எலும்பை அளந்து பார்த்தால் பெரும்பாலானவை 16 முதல் 25 கிலோவுக்குள். பனிக்கரடி திரியும் ஊரில் ஏன் இவ்வளவு சின்ன நாய்? உடம்பு பெருக்கிற வேகத்தில் தோல்பரப்பு பெருகாது. கனத்த நாய் அந்தக் குளிரிலும் நெடுந்தூரம் ஓடினால் சூடேறிப் படுத்துவிடும். ரொம்பச் சின்னதானால் இழுக்க வலு போதாது. எடையை முடிவுசெய்தது வண்டிதான்.

எகிப்தில் வேலை வேறு. பாலைவனத்தில் மானைத் துரத்த நீண்ட கால், ஒட்டிய வயிறு, கூர்மூஞ்சி கொண்ட நாய்கள். 4,000 ஆண்டுகளுக்கு முன் ஆண்ட இரண்டாம் இன்டெஃப் மன்னர் தம் நினைவுக்கல்லில் அவற்றைப் பெயர்களோடு செதுக்கச் சொன்னார். அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம் சிப்பிப்பாறை வேட்டை நாய்தான் ஞாபகம் வரும். உறவுமுறை சொல்ல வரவில்லை. ஒரே மாதிரி வெயில், ஒரே மாதிரி வேட்டை.

வேலைக்கேற்ற நாய் என்பது ரோமில் எழுத்திலேயே வந்துவிட்டது. முதலாம் நூற்றாண்டில் விவசாயம் பற்றி எழுதிய கொலுமெல்லா, ஆட்டுக்கிடை நாய் வெள்ளையாக இருக்கட்டும் என்கிறார். விடியல் மங்கலில் ஓநாய் என்று நினைத்து மேய்ப்பன் அதை அடித்துவிடக் கூடாதாம். பண்ணைக் காவலுக்குக் கறுப்பு: பகலில் திருடன் பயப்படுவான், இரவில் அவன் கண்ணுக்கே தெரியாது.

அதே ரோமானிய உலகில் மடியில் வைத்துக் கொஞ்சும் குட்டை நாய்களும் இருந்தன. இன்றைய துருக்கியில் டிராலெஸ் என்ற பழைய நகரத்துக் கல்லறையில், மூஞ்சி குட்டையான நாயின் 2,000 ஆண்டுப் பழமையான மண்டையோடு கிடைத்திருக்கிறது. ஆக, தட்டை மூஞ்சி ஆசை புதிதல்ல. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் நாய்க் கண்காட்சிகள் தொடங்கிய பிறகு அந்த ஆசைக்குக் கடிவாளம் இல்லாமல் போனது. ஓட முடியாத வேட்டை நாய்க்கு அந்தக் காலத்தில் குட்டி எடுத்திருக்க மாட்டார்கள். மூச்சுவிட முடியாத நாய்க்கு இன்று பரிசு கொடுத்துக் குட்டி எடுக்கிறோம். இதைச் சொல்லவே எனக்கு மனசு வலிக்கிறது.

வீட்டில் பக் இருந்தால் நடையை விடியற்காலைக்கு மாற்றுங்கள், எடை ஏற விடாதீர்கள். தூங்கும்போது வரும் குறட்டையை அழகு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒடுங்கிய மூக்குத் துளையை அறுவை சிகிச்சையில் அகலப்படுத்தலாம். சூடேறிவிட்டால் முதலில் குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி விசிறுங்கள், அப்புறம் வண்டியை எடுங்கள். ஈரத்துண்டைப் போர்த்திவிடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும்.

இனிமேல்தான் வாங்கப் போகிறீர்களா? குட்டியைத் தூக்குவதற்கு முன் அதன் தாயைப் பத்து நிமிடம் நடக்கவிட்டு, பக்கத்தில் நின்று அதன் மூச்சைக் கேளுங்கள்.