சூடு போகும் பக்கம் வெள்ளி ஓடும்

அப்பாவிடம் ஒரு பழைய ராலே சைக்கிள் இருந்தது. ஹேண்டிலுக்குக் கீழே கழுத்துக் குழாய் இருக்கிறதே, அதை ஒட்டி ஒருநாள் விரிசல் விட்டது. பக்கத்துக் கடையில் கரண்ட் வெல்டிங் வைத்து எடுத்து வந்தோம். மூன்று மாதம் ஓடியது, அப்புறம் வெல்டிங் அப்படியே இருக்க அதற்கு அரை விரற்கடை தள்ளிக் குழாயே அறுந்துவிட்டது. இரண்டாம் முறை கேஸ் வெல்டிங் வைக்கும் பெரியவர் ஒருவரிடம் போனோம். உள்ளே ஒரு துண்டுக் குழாயைச் செருகி, பித்தளைக் கம்பியை உருக்கி ஒட்டிக் கொடுத்தார். வண்டியை விற்கிற வரைக்கும் அந்த ஒட்டு அசையவில்லை. எஃகை எஃகோடு உருக்கிச் சேர்த்தது உடைந்தது, எஃகைவிட மென்மையான பித்தளை தாங்கியது, இது எப்படி என்பது வெகுகாலம் எனக்குள் கிடந்தது. விடை கிடைத்தது கையால் சைக்கிள் ஃபிரேம் செய்கிறவர்களின் வேலையைப் படிக்க ஆரம்பித்த பிறகுதான்.

இன்று பந்தய சைக்கிள் என்றால் கார்பன் ஃபைபர் என்றாகிவிட்டது. ஆனால் ஜப்பானில் கெய்ரின் என்ற பந்தயம் நடக்கிறது. 1948-இல் கொக்குரா நகரத்தில் தொடங்கியது, பார்வையாளர்கள் பணம் கட்டிப் பந்தயம் வைக்கும் விளையாட்டு. யாருக்கும் வண்டியால் கூடுதல் சாதகம் வந்துவிடக்கூடாது என்பதற்காக உதிரிபாகங்களுக்குக் கடுமையான அங்கீகார விதி வைத்திருக்கிறார்கள், அதனால் வழக்கமான கெய்ரின் பந்தயங்களில் எஃகு ஃபிரேம்தான். கடைசிச் சுற்றில் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் பாயும் வண்டிகள் இவை. பலவற்றைச் செய்வது பெரிய தொழிற்சாலை இல்லை, இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் பட்டறைகள். கோய்ச்சி நகானோ 1977 முதல் 1986 வரை தொடர்ந்து பத்து முறை ஸ்பிரின்ட் உலக சாம்பியன் ஆனாரே, அவருக்கு ஃபிரேம் செய்து கொடுத்த யோஷியாகி நாகசாவா இத்தாலிக்குப் போய் போலியாகி, தெ ரோசா ஆகியோரின் பட்டறைகளில் தொழில் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியவர்.

அளவெடுத்துச் சட்டை தைப்பது மாதிரிதான் தொடக்கம். கால் நீளம், கை நீளம், உடம்பு நீளம், எடை, எப்படி ஓட்டுவார் என்பதெல்லாம் கேட்டு ஒரு வரைபடம் போடுகிறார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு ஒன்று இருக்கிறது. கழுத்துக் குழாயின் சாய்வுக் கோட்டைத் தரைவரை நீட்டிப் பாருங்கள், முன்சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய் விழும். இந்த இடைவெளிக்கு ட்ரெயில் என்று பெயர். சக்கரத்தின் ஆரம் 340 மி.மீ., கழுத்துச் சாய்வு 73 டிகிரி, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் முன்னால் தள்ளியிருப்பது 45 மி.மீ. என்றால் ட்ரெயில் சுமார் 57 மி.மீ. வரும். ஃபோர்க்கை இன்னும் 5 மி.மீ. முன்னே வளைத்தால் அது 52 ஆகக் குறைந்து, ஹேண்டில் லேசாகத் திரும்பும். கடையில் இருக்கும் ரெடிமேட் ஃபிரேமில் இந்த 5 மி.மீ.யை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது, பட்டறையில் முடியும். (ட்ரெயிலும் சக்கரச் சுழற்சியும்தான் சைக்கிளை விழாமல் நிறுத்துகின்றன என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2011-இல் இரண்டுமே இல்லாத ஒரு சின்ன வண்டியைச் செய்து, அதுவும் தானாகவே நிமிர்ந்து ஓடுவதைக் காட்டிவிட்டார்கள். எடை எங்கே எப்படி அமைந்திருக்கிறது என்பதும் சேர்ந்துதான் வேலை செய்கிறது.)

சரி, குழாய்க்கு வருவோம். விலை கூடிய எஃகுக் குழாய் வாங்கினால் ஃபிரேம் விறைப்பாக இருக்கும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. சாதாரண எஃகோ உயர்ந்த கலப்பு எஃகோ, ஒரே அளவுக் குழாய் என்றால் வளைந்து கொடுப்பதில் கிட்டத்தட்ட வித்தியாசமே கிடையாது. உயர்ந்த எஃகு எவ்வளவு விசை வரை உடையாமல், நிரந்தரமாக வளையாமல் தாங்கும் என்பதில்தான் ஜெயிக்கிறது, அதனால் சுவரை மெல்லியதாக்கி எடையைக் குறைக்கலாம். விறைப்பு வேண்டுமென்றால் விட்டத்தைக் கூட்ட வேண்டும். சுவர்த் தடிமனை மாற்றாமல் 25.4 மி.மீ. குழாய்க்குப் பதில் 28.6 மி.மீ. குழாய் போட்டால் எடை எட்டில் ஒரு பங்குதான் கூடும், விறைப்போ 40 சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும், ஏனென்றால் அது விட்டத்தின் மும்மடிக்கு (விட்டம் × விட்டம் × விட்டம்) ஏற்ப வளர்கிறது. எழுபது கிலோ ஆளுக்கும் நூறு கிலோ ஆளுக்கும் பட்டறைக்காரர் வேறு வேறு குழாய் எடுப்பது இதனால்தான்.

அந்தக் குழாயின் சுவரும் முழுநீளத்துக்கு ஒரே தடிமனாக இருக்காது. வெளியே தடவினால் ஒன்றுமே தெரியாது, உள்ளே இரண்டு முனைகளிலும் 0.8 மி.மீ., நடுவில் 0.5 மி.மீ. என்கிற மாதிரி இருக்கும். இதற்கு 1897-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆல்ஃப்ரெட் ரெனால்ட்ஸ் காப்புரிமை வாங்கினார், இன்றுவரை ரெனால்ட்ஸ் என்ற பெயர் சைக்கிள் குழாய்க்கே அடையாளமாக இருக்கிறது. செய்யும் முறை அருமையானது. முனைகளில் மெலிந்து நடுவில் பருத்த ஒரு கம்பியைக் குழாய்க்குள் விட்டு, இரண்டையும் சேர்த்து ஒரு அச்சுத் துளை வழியாக இழுக்கிறார்கள். குழாய் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு அதன் வடிவத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். இப்போது கம்பி மாட்டிக்கொண்டது, தடித்த முனை வழியாக வெளியே வராதே. அதற்காகச் சாய்வாக வைத்த உருளைகளுக்கு நடுவே குழாயைச் சுழலவிட்டுக் கொஞ்சமே கொஞ்சம் விரியச் செய்து, கம்பியை உருவி எடுத்துவிடுகிறார்கள்.

ஏன் முனையில் மட்டும் தடிமன்? வளைக்கும் விசை மூட்டில்தான் அதிகம் என்பது ஒரு காரணம். இன்னொன்று தீ. இழுத்து இழுத்துக் குளிர்நிலையில் வலுவேற்றிய எஃகு, நெருப்பில் சிவக்கும்போது அந்த வலுவில் ஒரு பகுதியை இழந்துவிடும். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்து இழப்பு கூடும். அதனால் தீ படும் இடத்தில் எஃகைக் கொஞ்சம் கூடுதலாகவே வைத்துவிடுகிறார்கள். கையால் ஃபிரேம் செய்வது என்றாலே மரவேலை போல ஒரு கைவினை நினைவுக்கு வரும், என் கண்ணுக்கு அது முதலில் சூட்டைக் கணக்காகச் செலவழிக்கும் வேலை. மற்ற முடிவுகள் எல்லாம் அதற்குப் பின்னால்தான் வருகின்றன.

ஒரு குழாயின் முனை இன்னொரு குழாயின் வளைவில் சரியாகப் போய் உட்கார வேண்டும், அதற்காக அரைவட்ட அரத்தால் முனையை மீன்வாய் போல ராவுகிறார்கள். ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் நடுவே ஒளிக்கீற்று தெரியக்கூடாது. பிறகு இரண்டையும் லக் என்னும் எஃகு உறைக்குள் செருகுகிறார்கள். பழைய ஹெர்குலிஸ், ராலே வண்டிகளின் கழுத்தில் குழாயைச் சுற்றிக் கொஞ்சம் தடித்து நிற்குமே, அதுதான் லக். குழாய்க்கும் உறைக்கும் நடுவே தலைமுடி அளவுக்கு ஓர் இடைவெளி விடுகிறார்கள், சுமார் 0.05 முதல் 0.15 மி.மீ. வரை.

அந்த இடைவெளிதான் எல்லாமே. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற அதே நுண்புழை நுழைவு இங்கே உருகிய உலோகத்துக்கு நடக்கிறது. 56 சதவீதம் வெள்ளியும் மீதி செம்பு, துத்தநாகம், வெள்ளீயமும் கலந்த கம்பி சுமார் 650 டிகிரி செல்சியஸில் முழுதாக உருகி ஓடும், பித்தளைக் கம்பிக்கு 900 டிகிரி பக்கம் வேண்டும், எஃகு உருக 1,400-ஐத் தாண்டவேண்டும். ஆக எஃகு உருகுவதே இல்லை. அது சூடாகி நிற்க, உருகிய வெள்ளி அதன் முகத்தை நனைத்துக்கொண்டு தானாகவே இடுக்குக்குள் போகிறது, மேல்நோக்கிக்கூட ஏறும். இடைவெளி அகன்றுவிட்டால் இழுக்கும் விசை குறைந்துவிடும், ஒரேயடியாக இறுகிவிட்டால் உள்ளே நுழைய வழியில்லை.

நனைய வேண்டுமென்றால் எஃகின் முகம் சுத்தமாக இருக்கவேண்டும். ஆனால் சூடேறிய எஃகு காற்றுப் பட்டதுமே ஆக்சைடு பூசிக்கொள்ளும், அதன்மேல் வெள்ளி முத்து முத்தாக உருண்டு நிற்குமே தவிர ஒட்டாது. அங்கேதான் ஃப்ளக்ஸ் வருகிறது. நம்மூர்த் தட்டார்கள் வெங்காரம் (போராக்ஸ்) பயன்படுத்துவது இதற்காகத்தான், சைக்கிள் பட்டறையின் வெள்ளை ஃப்ளக்ஸ் பசையிலும் போரான் சேர்மங்கள் உண்டு, கூடவே ஃபுளூரைடுகளும். அது ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு மேலே ஒரு மூடி போலப் படிகிறது. வெப்பமானியாகவும் உதவுகிறது: முதலில் கொதித்துப் பொங்கும், வெள்ளையாகக் காயும், 600 டிகிரி வாக்கில் தண்ணீர் போலத் தெளிந்துவிடும். தெளிந்தது என்றால் கம்பியை நீட்டலாம்.

(உலோகத்தை ஒட்டவைக்கும் பொருளுக்குத் தமிழில் பற்றாசு, ஆசு என்ற பழைய சொற்கள் இருக்கின்றன. யாப்பிலக்கணத்தில் ஆசிடை நேரிசை வெண்பா என்று ஒன்று உண்டு, இரண்டாம் அடியின் மூன்றாம் சீர் அடுத்து வரும் தனிச்சொல்லோடு சேராமல் நிற்கும்போது நடுவே ஓரிரு அசையை வைத்து இணைப்பார்கள், அந்த அசைக்குப் பெயர் ஆசு. பட்டறை வேலையை உற்றுப் பார்த்த யாரோ வைத்த பெயர் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.)

கம்பியைத் தீயில் காட்டி உருக்கிச் சொட்டவிடுவது தவறான முறை. எஃகைத்தான் சூடாக்க வேண்டும், எஃகு தொட்டதும் கம்பி உருக வேண்டும். உருகிய உலோகம் சூடு அதிகமான பக்கமாக ஓடும், அதனால் லக்கின் ஒரு விளிம்பில் கம்பியைத் தொட்டுவிட்டுத் தீயை மறு விளிம்புக்கு மெல்ல நகர்த்தினால் வெள்ளி உள்ளுக்குள்ளேயே தீயைத் துரத்திக்கொண்டு போகும், கடைசியில் எதிர் விளிம்பில் ஒரு பளிச்சென்ற கோடாக வந்து எட்டிப்பார்க்கும். தடித்த லக் சூடேற நேரமாகும், மெல்லிய குழாய் சட்டென்று சிவந்துவிடும், இரண்டையும் ஒரே சூட்டுக்குக் கொண்டுவருவதற்குத்தான் கை பழக வேண்டும். அதிகமாகிவிட்டால் ஃப்ளக்ஸ் தீய்ந்து கறுத்துவிடும், அதற்கப்புறம் எவ்வளவு கம்பி ஊட்டினாலும் பிடிக்காது. பித்தளையில் இன்னும் குறுகலான பாதை: துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்கும், பித்தளை ஓடுவதும் கிட்டத்தட்ட அங்கேதான். கொஞ்சம் தாண்டினாலும் வெள்ளைப் புகை கிளம்பும், ஒட்டில் ஊசித்துளைகள் விழும், புகையைச் சுவாசித்தால் இராத்திரி குளிர்காய்ச்சல் வரும். பழைய வெள்ளிக் கம்பிகளில் காட்மியம் கலந்திருந்தார்கள், அதன் புகை உயிருக்கே ஆபத்து, அந்தக் கம்பியை யாரும் தொடவேண்டாம்.

இப்போது அப்பாவின் சைக்கிளுக்கான விடை. வெள்ளியோ பித்தளையோ தனியாக எஃகைவிட வலுக்குறைந்ததுதான். ஆனால் தலைமுடி அளவு படலமாக இரண்டு எஃகுச் சுவர்களுக்கு நடுவே நிற்கும்போது அது பக்கவாட்டில் சுருங்கி இழுபட முடியாது, எஃகு அதைப் பிடித்துக்கொள்கிறது, அதனால் கட்டியாக இருக்கும்போது காட்டாத வலுவை மெல்லிய படலம் காட்டுகிறது. ஒட்டிய பரப்பும் பெரியது, குழாயைச் சுற்றிப் பல சதுர சென்டிமீட்டர் விசையைப் பகிர்ந்துகொள்கின்றன. கரண்ட் வெல்டிங்கிலோ எஃகு உருகும் அளவுச் சூடு ஒரு மி.மீ.கூட இல்லாத சுவரில் குறுகிய ஓர் இடத்தில் இறங்குகிறது, தடித்த வெல்டிங் முடிந்து மெல்லிய குழாய் தொடங்கும் கோட்டில் எஃகின் அமைப்பும் தடிமனும் ஒரேயடியாக மாறுகின்றன. ஒவ்வொரு மிதிக்கும் குழாய் கொஞ்சம் வளைந்து நிமிர, விசை முழுக்க அந்தக் கோட்டில் குவிந்து விரிசல் அங்கேயே பிறக்கிறது. லக்கின் விளிம்பை அரத்தால் ராவி மெல்லியதாக்கி, நுனியைக் கூராக நீட்டி விடுகிறார்களே, அழகும்தான், தடிமன் மாற்றம் படிப்படியாக நடக்கட்டும் என்பதும்தான். (வெல்டிங்கே கூடாது என்று சொல்லவில்லை. ஆர்கான் வாயுவில் கவனமாக வைக்கும் டிக் வெல்டிங்கில் எத்தனையோ நல்ல ஃபிரேம்கள் வருகின்றன, ரெனால்ட்ஸ் 853 போன்ற எஃகு வெல்டிங்குக்குப் பின் காற்றில் ஆறும்போதே இறுகும்படி வடிவமைக்கப்பட்டது.)

இன்னொரு சிக்கல் ஆறும்போது வருகிறது. 100 மி.மீ. எஃகு 600 டிகிரி சூடேறினால் முக்கால் மி.மீ. அளவுக்கு நீளும், ஆறும்போது சுருங்கும். ஒரு பக்கம் முதலில் ஆறினால் குழாய் அந்தச் சுருக்கத்தோடு இழுபட்டுவிடும். 28.6 மி.மீ. குழாயின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட வெறும் 0.1 மி.மீ. கூடுதலாகச் சுருங்கினால்கூட அரை மீட்டர் தள்ளியிருக்கும் மறுமுனை 1.75 மி.மீ. விலகிவிடும். அதனால்தான் எந்த மூட்டை முதலில் வைப்பது, எந்தப் பக்கத்தில் தொடங்குவது என்பதற்கு ஒவ்வொரு பட்டறைக்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஒவ்வொரு மூட்டு முடிந்ததும் சமதளமாகக் கடைந்த கனமான இரும்புப் பலகையில் ஃபிரேமைப் பூட்டி அளந்து பார்க்கிறார்கள், விலகல் இருந்தால் நீண்ட கம்பியால் நெம்பி நேராக்குகிறார்கள். ரெனால்ட்ஸ் 753 என்ற வலுமிக்க, மிக மெல்லிய குழாய் அப்படி நெம்புவதற்கு எளிதில் இணங்காது, சூடு அதிகமானாலும் கெட்டுவிடும். அதனால் மாதிரி மூட்டு ஒன்றைச் செய்து அனுப்பி, அது சோதனையில் தேறிய பிறகே ஒரு பட்டறைக்கு அந்தக் குழாயைக் கொடுத்தார்கள்.

எல்லா மூட்டும் முடிந்து ஃபிரேம் தானாக ஆறியதும் வெந்நீரில் ஊறவைக்கிறார்கள். கண்ணாடியாக இறுகிய ஃப்ளக்ஸ் கரைந்து, சில இடத்தில் சில்லுச் சில்லாக உதிர்ந்துவிடும். அப்புறம் பெடல் அச்சு உட்காரும் உருளைக்குள் ஒரு சின்ன விளக்கை விட்டு எட்டிப் பார்க்கிறார்கள். வெளியே தொட்டுவைத்த வெள்ளி உள்பக்கம் குழாயின் விளிம்பைச் சுற்றி எங்கும் அறுபடாமல் ஒரு கோடாக மின்னுகிறதா என்று தேடுகிறார்கள். ஓர் இடத்தில் கோடு விட்டுப்போயிருந்தாலும் மறுபடி ஃப்ளக்ஸ் தடவி, மறுபடி தீயை எடுக்கிறார்கள்.