பூவுக்குள் தெரிந்த மலை

“அண்ணா, பூவுக்குள்ள மலை தெரியுது.”

லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள் எங்கள் குறும்படத்தின் எடிட்டர். கல்லூரி முடித்து இரண்டு வருடம் ஆன பெண். ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளை யூடியூப் பார்த்தே கற்றுக்கொண்டவள். சேலம் அம்மாபேட்டையில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் பச்சைத் துணியைக் கட்டி, அதன் முன்னால் கதாநாயகியை நிறுத்தி எடுத்த ஷாட் அது. பின்னணியை ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்ற காட்சிமுனைக்குப் போய்த் தனியாக எடுத்து வந்திருந்தோம். துணியை நீக்கி மலையைப் பின்னால் வைத்தாயிற்று. முகம் சரி, சேலை சரி. தலையில் வைத்திருந்த கதம்பத்தில் மட்டும், மருக்கொழுந்து இருந்த இடமெல்லாம் அரைகுறையாகக் கரைந்துபோய், அதன் வழியே சேர்வராயன் மலை எட்டிப் பார்த்தது.

பச்சைச் சேலை கட்டி வந்துவிடாதே என்று அந்த நடிகையிடம் போனில் மூன்று தடவை சொல்லியிருந்தோம். பூவை யாரும் யோசிக்கவில்லை.

கிரீன் மேட் என்று சினிமாக்காரர்கள் சொல்வதன் கணக்கு முழுவதும் அந்த மருக்கொழுந்தில் இருக்கிறது. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு. சாதாரண செல்போன் வீடியோவில் ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. மென்பொருளுக்குத் துணி எது, ஆள் எது என்று தெரியாது. அது செய்வது ஒரு கழித்தல் மட்டும்தான்: பச்சை எண்ணிலிருந்து, மற்ற இரண்டில் எது பெரியதோ அதைக் கழி.

எங்கள் துணியை 40, 180, 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். 180இல் 60 போனால் 120. இந்த 120தான் ‘முழுத் துணி’க்கு அளவுகோல். முகம் 200, 150, 120 என்றால், 150இல் 200 போகாது. விடை பூஜ்யத்துக்குக் கீழே. ஆகவே அங்கே துணி இல்லை, முகம் முழுதாக நிற்கும். நெற்றியோரத்தில் காற்றில் பறக்கும் முடியில் ஒரு புள்ளி பாதி முடி, பாதி துணி. அதன் எண்கள் 35, 102, 40 என்பது போல வரும். கழித்தால் 62. 120இல் 62 என்பது கிட்டத்தட்ட பாதி. அந்தப் புள்ளியில் பின்னணி மலையைப் பாதிக்குப் பாதி கலந்துவிடும். மருக்கொழுந்து இலை 80, 120, 60 என்றால் மிச்சம் 40. மூன்றில் ஒரு பங்கு இலை காணாமல் போயிற்று. கணக்கு தப்பே செய்யவில்லை, நாங்கள்தான் செய்தோம்.

இந்தக் கழித்தலின் மூலவடிவம் 1950களின் கடைசியில் ஹாலிவுட்டில் பெட்ரோ விளாஹோஸ் என்ற பொறியாளர் நீலத் திரைக்காகக் கண்டுபிடித்தது. அதைப் பிலிமில் செய்ய ஆய்வுக்கூடமே தேவைப்பட்டது. இன்று அதை ஒரு நொடிக்குள் போடுகிறது, இலவசமாக இறக்கிக்கொள்ளும் மென்பொருள்.

ஆனால் இப்படிப் படத்தைத் துண்டாக்கி ஒட்டுவது சேலத்துக்குப் புதிதல்ல. ஏற்காடு ரோட்டில் போகிறவர்கள் மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவைக் கடந்துதான் போகிறார்கள். இப்போது வளைவு மட்டும்தான் மிச்சம். டி.ஆர்.சுந்தரத்தின் அந்த ஸ்டுடியோவிலிருந்து 1940இல் ‘உத்தமபுத்திரன்’ வந்தது, பி.யு.சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். இரட்டை வேடத்துக்குப் பிலிம் காலத்து அடிப்படை உத்தி இதுதான்: லென்சின் ஒரு பாதியைக் கருப்பு அட்டையால் மறைத்து ஒரு வேடத்தைப் படம்பிடி. பிலிமைப் பின்னோக்கிச் சுற்று. இப்போது மறுபாதியை மறைத்து மற்ற வேடத்தைப் பிடி. நடுவில் கேமரா இம்மி அசைந்தாலும் சுவரில் கோடு தெரிந்துவிடும்.

அந்தக் கருப்பு அட்டைக்கு இன்றைய பெயர் ஆல்ஃபா. ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று நிற எண்களோடு நான்காவதாக ஓர் எண்: இங்கே முன்னால் இருப்பது எத்தனை பங்கு? அட்டைக்கு ஒன்று அல்லது பூஜ்யம் மட்டும்தான் தெரியும். ஆல்ஃபாவுக்கு 0.15 தெரியும், 0.48 தெரியும். முன்படத்தை ஆல்ஃபாவால் பெருக்கு, பின்படத்தை மீதிப் பங்கால் பெருக்கு, இரண்டையும் கூட்டு. 1984இல் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் என்ற இருவர் இந்தக் கலவைக் கணக்கை ஒழுங்குபடுத்தி எழுதினார்கள். இன்றைக்கும் எந்த மென்பொருளைத் திறந்தாலும் லேயர் மேல் லேயர் வைக்கும்போது உள்ளே ஓடுவது இதுதான். கோடிகளில் செலவு செய்கிற படத்துக்கும் நம் படத்துக்கும் சூத்திரம் ஒன்றே. வித்தியாசம், அந்தச் சூத்திரத்துக்கு நாம் என்ன கொடுக்கிறோம் என்பதில்.

0.15 எங்கிருந்து வந்தது என்றால், முடியிலிருந்து. தலைமுடியின் தடிமன் சுமார் 0.08 மில்லிமீட்டர். இடுப்பளவு ஷாட்டில் சட்டத்தின் (ஃபிரேமின்) அகலம் ஒரு மீட்டர் என்றால், அது 1920 புள்ளிகளாகப் பிரியும்போது ஒரு புள்ளி அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதில் ஒரு முடி அடைப்பது நூற்றுக்குப் பதினைந்து பங்குதான். ஒட்டுப்போட்ட ஷாட்டை ஜனங்கள் முடியை வைத்தே கண்டுபிடித்துவிடுகிறார்கள். காரணம் தெரியாது, ஆனால் ‘என்னமோ ஒட்டுன மாதிரி இருக்கு’ என்பார்கள். அந்தப் பதினைந்து பங்கு பூஜ்யமானால் தலை மொட்டையடித்து வளர்ந்த மாதிரி வழுவழுவென்று இருக்கும். முழு ஒன்றானால் தலையைச் சுற்றிப் பச்சை ஜரிகை ஓடும்.

இங்கேதான் செல்போன் நம் காலை வாருகிறது. நம் கண் வெளிச்ச வித்தியாசத்தைக் கூர்மையாகப் பார்க்கும்; நிற வித்தியாசத்தில் அவ்வளவு சாமர்த்தியம் இல்லை. அதனால் இடம் மிச்சம் பிடிக்க, சாதாரண வீடியோக் கோப்பு நான்கு புள்ளிகளுக்கு வெளிச்சத்தைத் தனித்தனியாகவும், நிறத்தை நான்குக்கும் பொதுவாக ஒன்றாகவும் எழுதிவைக்கிறது. பார்ப்பதற்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் நம் கழித்தல் நடப்பதே நிறத்தில். அப்படியானால் கிரீன் மேட்டைப் பொறுத்தவரை நாம் எடுத்தது கால்வாசிப் படம்.

இதற்குக் காசில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. படம் 1920க்கு 1080 அளவில்தான் வெளிவரப்போகிறது என்றாலும், 4கேவில் எடுங்கள். 3840க்கு 2160 புள்ளிகள் கொண்ட படத்தில் நிறம் சரியாக 1920க்கு 1080 இருக்கும். பாதியாகச் சுருக்கும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் சொந்த நிறம் கிடைத்துவிடுகிறது. எங்கள் ஷாட்டில் நெற்றிமுடி பிழைத்தது இதனால்தான்.

ஏன் பச்சை, ஏன் மஞ்சள் இல்லை என்று கேட்பவர்களுக்கு: தோலின் நிறத்திலிருந்து பச்சை தள்ளி நிற்கிறது என்பது ஒரு காரணம். இன்னொன்று கேமராவுக்குள் இருக்கிறது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற வடிகட்டி அமைப்பைத்தான் பெரும்பாலான கேமராக்களும் செல்போன்களும் பயன்படுத்துகின்றன. அதில் சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று என்றால், பச்சைக்கு இரண்டு. கேமரா நன்றாகப் பார்க்கிற நிறமே பச்சைதான்.

துணி விஷயத்திலும் ஏமாந்தோம். முதலில் கடைவீதியில் வாங்கியது பளபளக்கும் சாட்டின். வெயில் பட்ட இடம் வெள்ளையாகவும், மடிப்பு விழுந்த இடம் கரும்பச்சையாகவும், ஒரே துணி பத்துத் துணியாயிற்று. அளவுகோல் 120 என்று சொன்னேன் அல்லவா, அது இடத்துக்கு இடம் மாறினால் கழித்தல் என்ன செய்யும்? பிறகு மினுமினுப்பு இல்லாத பருத்தித் துணி வாங்கி, இஸ்திரி போட்டு, இழுத்துக் கட்டினோம். மேகமூட்டமான நேரமாகப் பார்த்து எடுத்தோம். நடிகையைத் துணியிலிருந்து எட்டடி முன்னால் தள்ளி நிறுத்தினோம். பக்கத்தில் நின்றால் துணியின் பச்சை கன்னத்திலும் கழுத்திலும் ஏறிவிடும். வீட்டுக்குள் எல்இடி பல்பு வைத்து எடுப்பவர்கள் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் பூட்டிவிடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான பல்புகள் நொடிக்கு 100 தடவை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாத துடிப்பு படத்தில் பட்டையாக ஓடும்.

கதம்பத்தைக் காப்பாற்றியது கைவேலை. பூவைச் சுற்றிக் கோடு வரைந்து ‘இதற்குள் கழித்தல் வேண்டாம்’ என்று சொல்லவேண்டும். இதை ரோட்டோ என்பார்கள். ஆறு நொடி ஷாட், நொடிக்கு 24 சட்டம், மொத்தம் 144. எல்லாவற்றிலும் வரையத் தேவையில்லை, தலை திரும்புகிற இடங்களில் வரைந்தால் இடைப்பட்டதை மென்பொருள் நிரப்பும். இருந்தும் ஒரு முழம் பூவுக்கு ஒரு ராத்திரி போனது.

இதையெல்லாம் நாங்கள் செய்தது டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பில். பிளாக்மேஜிக் நிறுவனம் 2014இல் ஃப்யூஷன் என்ற கலவை மென்பொருளை வாங்கி, 2018இல் வந்த 15ஆம் பதிப்பில் ரிசால்வுக்குள்ளேயே சேர்த்துவிட்டது. எடிட்டிங், நிறம், ஒலி, கிரீன் மேட் எல்லாம் ஒரே கூரைக்குள். ஆளைத் தானாக வெட்டித் தரும் வசதியும், இரைச்சலை நீக்கும் வசதியும் காசு கொடுத்து வாங்கும் பதிப்பில்தான். முதல் இரண்டு படங்களுக்கு அது இல்லாமல் சமாளிக்கலாம் என்பது என் அபிப்பிராயம். இவ்வளவு சும்மா கிடைக்கும்போது, வைரஸோடு வரும் திருட்டுப் பிரதியை பென் டிரைவில் சுமந்து திரிவது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

முப்பரிமாண வேலைக்கு பிளெண்டர். 2002இல் பொதுமக்களிடம் ஏழு வாரத்தில் ஒரு லட்சம் யூரோ திரட்டி, எல்லோருக்கும் பொதுவாக்கப்பட்ட மென்பொருள் அது. 2025இல் ஆஸ்கர் வாங்கிய லாட்வியா நாட்டு அனிமேஷன் படமான ‘ஃப்ளோ’ அதில் செய்ததுதான். ஓடும் ஜீப்பிலிருந்து எடுத்த ஷாட்டில் இல்லாத பங்களாவை நிறுத்தவேண்டும் என்றால், கேமரா எப்படி நகர்ந்தது என்பதை பிளெண்டரே கண்டுபிடிக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் பக்கத்து மரம் வேகமாகவும் தூரத்து மலை மெதுவாகவும் போகிறதே, அந்த வித்தியாசத்தை வைத்துத்தான். அதற்குக் குறைந்தது எட்டுப் புள்ளிகளையாவது அது விடாமல் தொடரவேண்டும். மூடுபனியில் எடுத்தால் பிடித்துக்கொள்ளப் புள்ளியே இருக்காது. ஏற்காட்டில் பளிச்சென்று இருக்கும்போது எடுத்துக்கொண்டு, பனியைப் பிறகு சேர்ப்பதே நல்லது.

லேப்டாப் திக்கித் திணறுவது பற்றி ஒரு வார்த்தை. வட்டிக்கடை நோட்டில் திங்கட்கிழமை மட்டும் நிலுவையை எழுதிவிட்டு, மற்ற நாளில் வரவு செலவை மட்டும் குறித்தால் எப்படி? வியாழக்கிழமை நிலுவை வேண்டுமென்றால் திங்களிலிருந்து கூட்டிக்கொண்டு வரவேண்டும். செல்போன் வீடியோ அப்படித்தான் சுருக்கப்படுகிறது. எப்போதாவது ஒரு முழுச் சட்டம், நடுவில் எல்லாம் மாறியது மட்டும். எடிட்டிங்கில் நாம் முன்னும் பின்னும் குதிக்கும்போது கணினி ஒவ்வொரு தடவையும் கூட்டுகிறது. பிராக்ஸி என்ற பெயரில் ஒவ்வொரு சட்டமும் முழுதாக இருக்கும் சின்ன நகல்களைச் செய்துகொண்டால், பழைய லேப்டாப்பும் ஓடும். கடைசியில் அசல் கோப்பிலிருந்து வெளியே எடுத்துக்கொள்ளலாம்.

பனிக்கு வருகிறேன். மூடுபனித் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. அதனால் எல்லா நிறத்தையும் ஒன்றுபோலச் சிதறடிக்கும். வெள்ளையாகத் தெரிவது அதனால்தான். மரத்திலிருந்து வரும் ஒளி வழியில் குறையும். குறைந்த அளவுக்குப் பனியின் வெள்ளை வந்து சேரும். மரம் இத்தனை பங்கு, வெள்ளை மீதிப் பங்கு. அதே ஆல்ஃபா! இயற்கை தூரத்தைப் பார்த்து அந்தப் பங்கைப் போடுகிறது. 50 மீட்டரில் நிற்கும் சில்வர் ஓக் பாதி தெரிந்தால், 100 மீட்டரில் நிற்பது கால்பங்கு, 150 மீட்டரில் அரைக்கால். ஒரே பனிப் படத்தை மொத்தச் சட்டத்துக்கும் மேலே விரித்தால் போலியாகத் தெரிவது இந்தக் கணக்கை மீறுவதால்தான். நாங்கள் காப்பிச் செடிகள், சில்வர் ஓக் வரிசை, தூரத்து மலை என்று பின்னணியை மூன்றாக வெட்டி, இடையிடையே பனியை வைத்தோம்.

எல்லாம் முடிந்தபின் ஒன்று உறுத்தியது. மொட்டை மாடியில் டேபிள் ஃபேன் வைத்து முடியை இடப்பக்கம் பறக்கவிட்டிருந்தோம். ஏற்காட்டில் எடுத்த மேகம் வலப்பக்கம் நகர்ந்தது. காற்று இரண்டு திசையில் அடிக்குமா? பின்னணியைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம்வலமாகத் திருப்பிவிட்டோம், ஒரு சொடுக்கு. திருப்திதான். மறுநாள் காலையில் எடிட்டர் மறுபடி கூப்பிட்டாள். தூரத்தில், மலைப்பாதையின் ஒரு கொண்டைஊசி வளைவில், ஏறிவரும் பேருந்து சாலையின் வலப்பக்கமாக வந்துகொண்டிருந்தது.

திரும்ப மலைக்குப் போக யாரிடமும் தெம்பில்லை. படத்தைப் பார்த்தால் கவனியுங்கள்: அந்த வளைவில் மட்டும் பனி, கணக்குக்கு மீறி, கொஞ்சம் அடர்த்தியாக இருக்கும். பேருந்து அதற்குள்தான் போகிறது.