யார்க் நகரத்து வைக்கிங் வெள்ளிக் காசு

866இல் ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல்வழி வந்த வைக்கிங் படை வட இங்கிலாந்தின் யார்க் நகரத்தைப் பிடித்தபோது, அது தலைநகராக இருந்த நார்தம்ப்ரியா அரசின் காசு ஏற்கெனவே மதிப்பிழந்து கிடந்தது. வெள்ளியில் செம்பைக் கலந்து கலந்து, கடைசியில் மிஞ்சியது செம்புக் கலவைதான். வந்தவர்களும் காசை நம்பிப் பிழைத்தவர்கள் அல்லர். வெள்ளியை நிறுத்து வாங்கிப் பழகியவர்கள். வளையமோ, கட்டியோ, அரேபிய வெள்ளிக் காசான திர்ஹமோ, வேண்டிய அளவுக்கு வெட்டித் தராசுத் தட்டில் போடுவார்கள்.

எடை சரி, தரம்? அதற்குக் கத்திமுனையால் ஒரு குத்து. நல்ல வெள்ளி மிருதுவானது. முனை எளிதாக இறங்கும். செம்பு சேரச் சேர இறுகிவிடும். முலாம் பூசிய போலியானால் குத்திய இடத்தில் செம்பு தெரிந்துவிடும். இந்தச் சிறு தழும்புகளை வைக்கிங் புதையல்களில் இன்றும் பார்க்கலாம். இங்கிலாந்தில் கிடைத்தவற்றில் பெரியது, 1840இல் லங்காஷயரின் கியூர்டேலில் ரிபிள் ஆற்றங்கரையைச் செப்பனிட்ட தொழிலாளர்கள் கண்டெடுத்தது: ஏறக்குறைய 40 கிலோ வெள்ளி, அதில் சுமார் 7,000 காசுகள்.

அந்தக் குவியலில் யார்க்கில் அடித்த காசுகளும் ஏராளம். 895 வாக்கில் வைக்கிங் அரசர்களே அங்கே காசு அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். வெள்ளியை உருக்கித் தகடாகத் தட்டி, வட்டமாக வெட்டிக்கொள்வார்கள். கீழ் அச்சின் கூர்முனை மரக்கட்டையில் இறங்கி நிற்கும். வில்லையை அதன்மேல் வைத்து, மேல் அச்சைப் பொருத்திச் சம்மட்டியால் அடித்தால் இரண்டு பக்கமும் ஒரே அடியில் பதியும். யார்க்கின் காப்பர்கேட் தெருவில் 1976 முதல் 1981 வரை நடந்த அகழாய்வில் இரும்பு அச்சுகளும், அச்சு பதிந்த ஈயத் துண்டுகளும் கிடைத்தன.

ஒவ்வொரு அச்சும் கையால் வெட்டியது. இரண்டு அச்சுகள் அப்படியே ஒத்திருக்காது. அதனால் ஒரே அச்சில் பிறந்த காசுகளை இன்றும் அடையாளம் காணமுடிகிறது. கீழ் அச்சு அதே, மேல் அச்சு வேறு என்று கோத்துக்கொண்டே போனால் எது முந்தியது, எது பிந்தியது என்ற வரிசை கிடைக்கும். எழுத்துச் சான்று அரிதான அந்தக் காலத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது என்பேன்.

யார்க் காசுகளில் என்னை மிகவும் கவர்ந்தது 920களில் வந்த வகை. ஒரு பக்கம் புனித பேதுருவின் பெயரும் ஒரு வாளும்; சிலவற்றின் மறுபக்கம் வைக்கிங்குகளின் பழைய தெய்வமான தோரின் சுத்தியல். திருச்சபையை நம்பியவரும் தோரை வணங்கியவரும் தயங்காமல் வாங்க வேண்டிய காசு அது.

927இல் இங்கிலாந்து அரசர் ஏதல்ஸ்டன் யார்க்கைப் பிடித்தார். நாடு முழுவதும் ஒரே நாணயம் என்பது அவர் சட்டம்; காசு அடிப்பதில் மோசடி செய்த அச்சாளரின் கையை வெட்டி நாணயச்சாலையிலேயே மாட்டச் சொன்னதும் அதே சட்டம்தான். 939இல் அவர் இறந்ததும் அயர்லாந்தின் டப்ளினிலிருந்து வந்த வைக்கிங் அரசர் ஓலாஃப் நகரத்தைப் பிடித்தார். அவர் காசில் இறக்கை விரித்த பறவை, சுற்றிலும் வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியில் அரச பட்டம். மறுபக்கம் பொறுப்பேற்று நிற்பது ஏதல்ஃபெர்த் என்ற ஆங்கிலப் பெயர் கொண்ட அச்சாளர்.