ஆற்று நீரை வடிக்கும் இழைகள்

ஆற்று நீரை மணலில் வடித்துக் குளோரின் கலந்தால் பெரும்பாலான கிருமிகள் ஒழிந்துவிடும். கிரிப்டோஸ்போரிடியம் ஒழியாது. 4 முதல் 6 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அளவுள்ள இந்த ஒட்டுண்ணியின் கெட்டி ஓடு குளோரினுக்கு மசிவதில்லை. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் குழாய்த் தண்ணீர் வழியே பரவி, ஏறத்தாழ 4 லட்சம் பேரை வயிற்றுப்போக்கில் படுக்க வைத்தது. குளோரினால் கொல்ல முடியாததை வடித்து நிறுத்தலாம். அதற்கு நம்பகமான வழி பாலிமர் சவ்வு, அதாவது நுண்துளைகள் உள்ள பிளாஸ்டிக் வடிகட்டி.

குடிநீர் நிலையங்களில் இது பெரும்பாலும் நடுவே துளையுள்ள மெல்லிய இழை. பாலிஈதர்சல்ஃபோன் போன்ற பாலிமரைக் கரைப்பானில் கரைத்து, இடியாப்பம் பிழிவது போலத் தண்ணீர்த் தொட்டிக்குள் பிழிகிறார்கள். கரைப்பான் தண்ணீரோடு போய்விட, பாலிமர் உறைகிறது. தண்ணீர் பட்ட மேற்பரப்பு சட்டென்று உறைவதால் அங்கே மெல்லிய, நெருக்கமான தோல். உள்ளே மெதுவாக உறையும் இடத்தில் பெரிய பெரிய துளைகள். வடிப்பது தோல் மட்டுமே, மற்றது அதைத் தாங்குகிறது. முழுத் தடிமனும் தோலைப் போல நெருக்கமாக இருந்தால் தண்ணீரைத் தள்ளவே பெரும் அழுத்தம் வேண்டியிருக்கும். 1960 வாக்கில், கடல்நீரைக் குடிநீராக்க முயன்ற சிட்னி லோப், சீனிவாச சௌரிராஜன் இருவரும் செல்லுலோஸ் அசிடேட்டில் செய்துகாட்டிய வித்தை இது. என்னைக் கேட்டால், சவ்வுத் தொழில்நுட்பத்தின் உயிர்நாடியே இதுதான்.

தோலின் துளைகள் 0.02 மைக்ரான் வாக்கில் இருக்கும். பாக்டீரியா நுழையவே முடியாது, வைரஸ்களிலும் பெரும்பாலானவை சிக்கிக்கொள்ளும். ஆனால் ஆற்று நீரில் மக்கிய இலைதழைகளின் கரிமப் பொருள் துளைகளை அடைக்கும். அதனால் முன்கூட்டியே படிகாரம் போன்றதைக் கலந்து அழுக்கைத் திரட்டுகிறார்கள். அப்புறம் அரைமணி, ஒருமணிக்கு ஒருமுறை சுத்த நீரை எதிர்த்திசையில் பாய்ச்சி இழைகளை அலசுகிறார்கள்.

சரி, ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்று அறுந்தால்? ஒரு பக்கத்துத் தண்ணீரை வெளியேற்றி, ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தில் காற்றை நிரப்பி வால்வை மூடுவார்கள். நனைந்த துளைகளில் தண்ணீரைப் பரப்பு இழுவிசை பிடித்திருக்கும். 3 மைக்ரானுக்குச் சிறிய துளையிலிருந்து அதைத் தள்ள இந்த அழுத்தம் போதாது. அதைவிடப் பெரிய ஓட்டை இருந்தால் காற்று கசிந்து, சில நிமிடங்களில் அழுத்தமானி இறங்கிவிடும். கிரிப்டோஸ்போரிடியம் புகக்கூடிய ஓட்டை இந்தச் சோதனைக்குத் தப்பாது. அறுந்த இழையின் இரு முனைகளிலும் ஆப்பு அடித்தால் மற்றவை வழக்கம்போல் வேலை செய்யும்.

உப்பும் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லிகளும் தண்ணீரில் கரைந்தவை. இந்தத் துளைகள் அவற்றைத் தடுக்காது. பாரிஸின் வடக்குப் புறநகர்களுக்குத் தண்ணீர் தரும் மெரி-சுர்-உவாஸ் நிலையத்துக்கு அதுதான் சிக்கலாக இருந்தது: உவாஸ் ஆற்றில் வயல்களிலிருந்து வழிந்த அட்ரசின் என்ற களைக்கொல்லி. 1999-இல் அங்கே, நாளுக்கு 1,40,000 கன மீட்டர் நீர் தரும் நானோ வடிப்பைத் தொடங்கினார்கள். அதன் துளைகள் ஒரு நானோமீட்டர் அளவு, அதாவது மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே அழுத்தமும் மின்செலவும் கூடுதல். தடுக்கப்பட்டவை அடர்ந்த கழிவுநீராக ஒரு பக்கம் வெளியேறுகின்றன.